சாளையை நோயாளி ஆக்காதீர்கள்

இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்றாவது ஆய்வேடு இது. குளச்சல் கரையில் வாங்கிய சாளை (மத்தி மீன்), நீளத்திலிருந்து எடையைக் கணிக்கும் நீளம்–எடைச் சமன்பாடு, அதில் நீளத்தின் அடுக்கு எண் 2.87. அடுத்த வரியிலேயே தீர்ப்பு: மூன்றுக்குக் குறைவு, ஆகவே மீன்கள் நலிந்துள்ளன, கடல் மாசுபட்டுள்ளது. கடல் நீரை ஒரு சொட்டுக்கூட யாரும் சோதிக்கவில்லை.

மீன் வளர வளர அதன் உடல்வடிவம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் அடுக்கு எண் சொல்கிறது. 10 செ.மீ. சாளை 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிவம் மாறாமல் 20 செ.மீ.க்கு வளர்ந்தால் அடுக்கு 3, எடை எட்டு மடங்காகி 80 கிராம். அடுக்கு 2.87 என்றால் சுமார் 73 கிராம். பெரிய மீன் சற்றே ஒல்லி, அவ்வளவுதான். பெரும்பாலான மீன்களுக்கு இந்த எண் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் வரும். கணக்கிட்ட அடுக்கு எண்ணின் பிழை எல்லை 3-ஐத் தொடுகிறதா என்றாவது பார்த்திருக்கலாம்.

மீன் கொழுத்திருக்கிறதா என்று அறிய வேண்டுமா? அந்த நீளத்துக்குச் சமன்பாடு தரும் எடையோடு உண்மையான எடையை ஒப்பிடுங்கள். 1951-லேயே மீன் ஆய்வாளர் லே கிரென் இந்த வழியைக் காட்டிவிட்டார். அப்போதும் பருவத்தை மறக்கக் கூடாது. சாளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடும். முட்டையிட்டு முடித்த மீன் மெலிந்துதான் இருக்கும். மழைக்குப் பின் நுண்பாசி தின்று நெய் வைக்கும். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் வயிற்றைத் தொட்டே இதைச் சொல்லிவிடுவார்கள்.

பனிக்கட்டி நீரைத் துடைத்துவிட்டு எடை போடுங்கள். அளந்தது மொத்த நீளமா, வால் கவை வரையிலான நீளமா என்று எழுதுங்கள். பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்த மீனைப் புதிய மீனோடு சேர்க்காதீர்கள். ஒரே கூடையில் 60 மீன் அள்ளாதீர்கள். வலைக்கண் தேர்ந்தெடுத்த ஒரே அளவு மீன்தான் அதில் இருக்கும். வயிற்றைக் கிழித்து ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில், இரைப்பையில் என்ன என்று குறியுங்கள். எடையை நீளத்தின் மூன்றாம் அடுக்கால் வகுத்து வரும் உடல்நிலைக் குறியீட்டில் சாளையை வாளையோடு ஒப்பிடவே வேண்டாம். ஒன்று கதிர் வடிவம், மற்றொன்று நாடா வடிவம்.

தயவுசெய்து, ‘மாசு’ என்று எழுதும் முன் ஒருமுறை யோசியுங்கள். அந்தச் சொல் செய்தியானால் மறுநாள் ஏலத்தில் கூடை விலை சரியும், வள்ளக்காரர்தான் நட்டப்படுவார்.

ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எந்தெந்த மாதத்தில் மீன் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.