காலையில் புளிக்கும் இலை

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நர்சரியில் ஸ்னேக் பிளான்ட் வாங்கினாராம். "படுக்கை அறையில வைங்க மேடம், ராத்திரி பூரா ஆக்சிஜன் விடும்" என்றாராம் கடைக்காரர். வீட்டுக்கு வந்தால் மாமியார், "ராத்திரியில செடி கெட்ட காத்து விடும், ரூமுக்குள்ள வைக்கவே கூடாது" என்கிறாராம். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னதற்குப் பின்னால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது. அந்தச் செடி ராத்திரியில் பெரும்பாலான செடிகள் செய்யாத ஒரு வேலையைச் செய்வது நிஜம். அது ஆக்சிஜன் விடுவது இல்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் படித்ததை வேகமாக ஓட்டிவிடுவோம். வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலைத்துளைகள் வழியாக கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது. பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. சர்க்கரை உருவாகிறது, மிஞ்சியது மாவுச்சத்தாகச் சேர்கிறது. இதில் ஒன்றை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, தண்ணீர் மூலக்கூறு உடைவதால் வருகிறது. 1941-ல் ரூபன், காமன் என்ற விஞ்ஞானிகள் அடையாளத்துக்காகக் கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். தண்ணீரை உடைக்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் ஆக்சிஜன் இல்லை. துளசி, அரசமரம், ஸ்னேக் பிளான்ட், எதற்கும் விதிவிலக்கு கிடையாது. "24 மணி நேரமும் ஆக்சிஜன் தரும் மரம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அங்கேயே அழித்துவிடலாம்.

மாமியார் கட்சிக்கு வருவோம். செடியும் சுவாசிக்கிறது. பகலில் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துத்தான் வளர்கிறது, அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறத்தான் செய்யும். ஆனால் ஒரு ஆள் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். ஒரு தொட்டிச் செடியோடு ஒப்பிட்டால், பக்கத்தில் குறட்டை விடும் கணவர்தான் பெரிய ஆபத்து! புளியமரத்துப் பேய் கதைக்குக்கூட இந்தச் சுவாசத்தையே "அறிவியல் காரணம்" என்று சொல்பவர்கள் உண்டு. திறந்தவெளியில் ஒரு மரம் விடும் மூச்சு யாரையும் அமுக்காது. மூடநம்பிக்கைக்கு அறிவியல் சட்டை மாட்டிவிடுவது, பேயை நம்புவதைவிட மோசம் என்பது என் கட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இலைத்துளையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வரவேண்டும் என்றால் கதவைத் திறக்கவேண்டும், திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். நெல், கத்தரி மாதிரி சாதாரணச் செடி ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதற்குள் 400, 500 கிராம் தண்ணீரைக் காற்றில் விட்டுவிடுகிறது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் செடிக்கு இது கட்டுப்படி ஆகுமா?

சென்னையின் 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. லாரி எப்போது வந்தாலும், நடுராத்திரி ஆனாலும், எழுந்துபோய் குடங்களில் பிடித்து வைத்து மறுநாள் முழுக்க அதையே புழங்கினோம். கற்றாழை, சப்பாத்திக் கள்ளி, அன்னாசி, ஸ்னேக் பிளான்ட் எல்லாம் செய்வது இதுதான். ஒரே வித்தியாசம், அவை பிடித்து வைப்பது கார்பன் டை ஆக்சைடை.

ராத்திரி காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது இலைத்துளைகள் திறக்கின்றன. உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை உடனே சர்க்கரையாக்க முடியாது, வெயில் இல்லையே. அதனால் பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி அதைப் பிடித்து ஒரு அமிலத்தில் கட்டிவைக்கிறது. மாலிக் அமிலம், ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே சரக்கு. இப்படிப் பிடிக்க ஒரு கொக்கி மூலக்கூறு வேண்டும். அதை முந்தைய பகலில் சேர்த்த மாவுச்சத்தை உடைத்துத்தான் செய்கிறது செடி. நேற்றைய சாப்பாட்டைச் செலவழித்து நாளைய சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டுகிறது!

அமிலத்தை எங்கே வைப்பது? கண்ட இடத்தில் வைத்தால் செல்லே கெட்டுப்போகும். செல்லின் நடுவில் நுண்குமிழி என்று ஒரு பெரிய பை இருக்கிறது, குடம் அதுதான். கற்றாழை மடல் ஏன் கொழுகொழுவென்று இருக்கிறது என்று கேட்டால் தண்ணீர் சேமிக்க என்போம். பாதிதான் சரி. ராத்திரி அமிலத்துக்கு இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

விடிந்ததும் கதவு மூடிவிடும். அமிலம் குடத்திலிருந்து வெளியே வந்து உடைகிறது, கார்பன் டை ஆக்சைடு மூடிய இலைக்குள்ளேயே நிறைகிறது. வழக்கமான நொதியான ருபிஸ்கோ அதை எடுத்து வெயிலின் துணையோடு சர்க்கரை செய்கிறது. இந்த ருபிஸ்கோ கொஞ்சம் மந்தம், அவ்வப்போது ஆக்சிஜனைக் கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்துத் தப்பாகப் பிடித்துவிடும். மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு நெருக்கியடித்து நிற்கும்போது அந்தக் குழப்பமும் குறைகிறது. கிராமுக்கு 400, 500 என்றிருந்த தண்ணீர்ச் செலவு 50 முதல் 100 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. நம் சமையலறையிலும் இந்தக் கூட்டத்து ஆட்கள் உண்டு. பிரண்டைத் தண்டு இந்த முறையில் இயங்குகிறது, அதே கொடியின் இலை சாதாரண முறையில். பருப்புக்கீரை தண்ணீர் பற்றாக்குறை வந்தால் மட்டும் இதற்கு மாறிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கிறது. மொரேவிய கிறிஸ்தவ மிஷனுக்காகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் பெஞ்சமின் ஹைன், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தார். தோட்டத்து ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். நோட்டுக்குள் வைத்தால் குட்டி போடுமே, அதே இலைதான். காலையில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று, சாயங்காலம் லேசான கசப்பு. இதை 1813-ல் லண்டனில் உள்ள லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் அமைப்பின் லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார், 1815-ல் அச்சானது. கருவி எதுவும் இல்லை, நாக்கு ஒன்றுதான். 1819-ல் இதே சென்னையில் இறந்துபோனார். அவர் நாக்கு சொன்னதற்கு முழு விளக்கம் கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவில் இந்த வித்தையைச் சாதாரண மரங்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று அரசுப் பணத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். கள்ளி எப்படிச் சாப்பிடுகிறது என்பதற்கு எதற்குப் பணம் என்று இங்கே கேட்பவர்களுக்கு, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஊர் நம்முடையது என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

வாசகிக்குப் பதில்: ஸ்னேக் பிளான்ட்டைத் தாராளமாகப் படுக்கை அறையில் வையுங்கள். ராத்திரியில் அது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும், அறைக் காற்று மாறும் அளவுக்கு இல்லை. தண்ணீர் மட்டும் அளவோடு ஊற்றுங்கள், அது அழுகிச் சாவது பெரும்பாலும் நம் அன்பினால்தான்.

ஹைன் சொன்னதை நானும் போன மாதம் மாடியில் பார்த்தேன். ரணகள்ளியில் நஞ்சு உண்டு, அதனால் மெல்லாமல் சாற்றை, அமிலம் பட்டால் சிவக்கும் பி.எச். தாளில் தொட்டேன். காலை ஆறு மணிக்குத் தாள் நன்றாகச் சிவந்தது. பிறகு ஒரே ஒரு இலைக்கு மட்டும் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மற்ற இலைகளில் சிவப்பு போயிருந்தது. தாளைப் பிரித்து அந்த இலையைச் சோதித்தேன். அதற்கு இன்னும் விடியவே இல்லை.