அப்சிந்த் வேறு, எட்டி வேறு

பாரிஸ் காபிக்கடை ஒன்றில் வெறித்த பார்வையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். முன்னால் ஒரு கோப்பை. பிரெஞ்சு ஓவியர் தெகா 1876 வாக்கில் வரைந்த ஓவியம். கோப்பையில் இருக்கும் அப்சிந்த்தான் இன்று படத்துக்கும் பெயர். அதை ‘எட்டிச் சாராயம்’ என்று தமிழில் எழுதியிருந்ததைப் போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்தேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் கதை சின்னது. கிரேக்கத்தில் அப்சிந்தியோன், லத்தீனில் அப்சிந்தியம், பிரெஞ்சில் அப்சிந்த். கடுங்கசப்பான ஒரு செடியின் பெயர்தான் இது. அந்தச் செடியைச் சோம்பு வகைகளோடு ஊறவைத்து வடித்த சாராயம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் பரவியது. செடியின் பெயரே சாராயத்துக்கும் நின்றது.

சரி, எட்டி எங்கிருந்து வந்தது? தமிழ் வேதாகமத்திலிருந்து. வெளிப்படுத்தின விசேஷத்தில் விழும் நட்சத்திரத்துக்குக் கிரேக்க மூலத்தில் இதே செடியின் பெயர், தமிழில் ‘எட்டி’. அங்கே அது நல்ல மொழிபெயர்ப்பு. அந்த நட்சத்திரம் விழுந்து தண்ணீர் கசந்துபோனதைத்தான் அந்த இடம் சொல்கிறது. கசப்பு என்றால் எட்டிக்காயை நினைக்கும் தமிழருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஆனால் கோப்பையில் இருப்பது உவமை இல்லையே! எட்டி ஒரு மரம். அதன் விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் ஆளைக் கொல்லும் விஷம். தெகாவின் பெண் எட்டிச் சாராயம் குடிக்கிறாள் என்றால் அவள் தற்கொலை செய்துகொள்கிறாள் என்று பொருள். பைத்தியம் பிடிக்கவைக்கும் என்ற பயத்தில் 1915இல் பிரான்ஸ் தடைசெய்த பானம் இது. அந்தப் பயம் மிகையானது என்று பின்னால் தெரிந்து தடையும் விலகிவிட்டது. நாம் பெயரிலேயே விஷத்தை ஊற்றிக் கொடுக்கிறோம்.

‘புழுமரச் சாராயம்’ என்பது இன்னும் மோசம். அந்தச் செடியின் வொர்ம்வுட் என்ற ஆங்கிலப் பெயரை வொர்ம் (புழு), வுட் (மரம்) என்று இரண்டாக வெட்டியதில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது வெர்மோத். ஜெர்மனில் வெர்மூட். வெர்மூத் என்ற மதுவின் பெயரும் அதிலிருந்துதான். மரத்துக்கு அதில் வேலையே இல்லை. காதில் விழுந்தபடி ஆங்கிலேயர் மாற்றி எழுதியதை நாம் ஏன் தமிழாக்க வேண்டும்? பிரெஞ்சுச் சொல்லையும் ஆங்கில அகராதி வழியாகவே பார்ப்பது, அதிலும் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஊறிப்போன பழக்கம். அது என்ன செடி என்று ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் உறவு தெரிந்திருக்கும். அது ஆர்ட்டிமீசியா இனம். நம் மாசிபத்திரியும் அதே இனம், தலையில் சூடும் மரிக்கொழுந்தும் அதே இனம். மரிக்கொழுந்தில் மணம்தான் முன்னால் நிற்கும் என்பதால் மாசிபத்திரியையே எடுத்துக்கொள்வேன். அதே செடி அல்ல, பங்காளி. அப்சிந்தை லிக்யூர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். லிக்யூரில் சர்க்கரை சேர்ப்பார்கள், வழக்கமான அப்சிந்தில் கிடையாது. வடித்தெடுப்பதால் சாராயம் என்பதே சரி.

ஆகவே முதல் முறை ‘அப்சிந்த் என்னும் மாசிபத்திரிச் சாராயம்’ என்று எழுதுங்கள். அப்புறம் வெறும் அப்சிந்த் போதும்.