தூண்டில்: ‘ஃபிஷிங்’ என்ற சொல்லின் வழியும் அதற்கான தமிழும்

சென்னையில் மனித உரிமைக் களத்தில் இருப்பவர்களிடம் ‘ஃபிஷிங்’ என்று சொன்னால், பலரும் வங்கிக் கணக்கைத்தான் நினைக்கிறார்கள். “ஓ.டி.பி. கேட்பார்களே, அதுதானே? என் கணக்கில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?” என்பது வழக்கமான பதில். இந்தச் சொல்லைத் தமிழில் சரியாகச் சொல்லியாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்தப் பதிலே காரணம். எடுத்துக்கொள்ள அவர்களிடம் நிறைய இருக்கிறது. காவல் சித்திரவதை பற்றி வாக்குமூலம் கொடுத்தவரின் பெயர், கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பட்டியல், வழக்கறிஞருடன் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அந்த ஒரு கைப்பேசிக்குள் இருக்கின்றன.

நம்பத்தக்க ஒருவரைப் போல வேடமிட்டுச் செய்தி அனுப்பி, பெறுபவர் தம் கையாலேயே கடவுச்சொல்லைக் கொடுக்கும்படியோ உளவு நிரலைத் தம் கருவிக்குள் இறக்கிக்கொள்ளும்படியோ செய்வதுதான் ஃபிஷிங். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான f-ஐ ph என்று மாற்றி இதை உண்டாக்கினார்கள். 1990-களின் நடுப்பகுதியில், ‘அமெரிக்கா ஆன்லைன்’ என்ற இணையச் சேவையின் பயனர்களுக்கு நிறுவன ஊழியர் போலச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லும் கடன் அட்டை எண்ணும் கறந்த இளைஞர்களின் பேச்சில் புழங்கிய சொல் இது. எழுத்து மாற்றத்துக்கு முன்னோடி ‘ஃப்ரீக்கிங்’. தொலைபேசிக் கட்டமைப்பை ஏமாற்றிக் காசில்லாமல் பேசும் வித்தைக்கு அந்தப் பெயர். அந்தக் கூட்டத்தில் பேர்போன ஜான் டிரேப்பர், காலைச் சிற்றுண்டிப் பெட்டியோடு இலவசமாக வந்த ஒரு விசிலின் 2600 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொண்டு தொலைபேசி இணைப்பகத்தை ஏமாற்றியவர்.

இந்திய நீதிமன்றத்துக்குள் இச்சொல் 2005-இல் இந்திய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் தொடர்ந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. இதற்கெனத் தனிச் சட்டம் அப்போது இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதமே என்றது நீதிமன்றம். பின்னர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி பிரிவு சேர்ந்தது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தமிழில் இதற்குத் ‘தகவல் திருட்டு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வழங்கியிலிருந்து (சர்வர்) நேரடியாகத் தரவைக் களவாடினாலும் அது தகவல் திருட்டுதான். இங்கே நடப்பது வேறு. ‘இணைய மோசடி’ என்றால் மறுபடியும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. ‘மின்தூண்டில்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவே சரியான பாதை. ‘மின்’ கூட வேண்டாம், தூண்டில் போதும் என்பேன். குறுஞ்செய்தியிலும் குரல் அழைப்பிலும் வருவதற்கு ஆங்கிலத்தில் வெவ்வேறு பெயர்கள் உண்டாக்கிவிட்டார்கள். தமிழில் தூண்டில் மடல், தூண்டில் அழைப்பு என்று ஒரே சொல்லை நீட்டிக்கொள்ளலாம்.

தூண்டில், ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். கொக்கியும் நரம்பும் இரண்டாம் பட்சம், உயிரைத் தன்னிடம் வரத் தூண்டுவதே அதன் வேலை. ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்று சூதாட்டத்தில் வென்ற பொருளைச் சொல்கிறது 931-ஆம் குறள். அந்தப் ‘பொன்’ இரையில் மறைந்த இரும்பு என்று பரிமேலழகர் விளக்குகிறார். இரைக்குள் ஒளிந்த இரும்பு என்பதைவிடக் கச்சிதமாக ஒரு தூண்டில் மடலை என்னால் விளக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில், ஆளைக் குறிவைத்து அனுப்புவதற்கு ஈட்டியை முன்னொட்டாகச் சேர்க்கிறார்கள். அதைத் தமிழில் ஈட்டி என்று மொழிபெயர்க்கத் தேவையில்லை. சென்னையின் மீனவப் பகுதிகளான காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் வலைத் தொழிலும் தூண்டில் தொழிலும் வேறுவேறு. வலையில் வந்ததெல்லாம் விழும். தூண்டிலுக்கோ எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்து இரை கோக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே வங்கிச் செய்தியை அனுப்புவதை ‘வலைவீச்சு’ என்றும், ஒருவரை அறிந்து அவருக்கென எழுதுவதைத் ‘தூண்டில்’ என்றும் பிரிக்கலாம்.

செயற்பாட்டாளருக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அவருக்கு வைக்கும் இரை ஆசையால் ஆனதல்ல, கடமையால் ஆனது. 2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அஹமது மன்சூருக்கு, சிறைகளில் நடக்கும் சித்திரவதை குறித்த ‘புதிய ரகசியங்கள்’ என்று ஓர் இணைப்போடு குறுஞ்செய்தி வந்தது. அவர் அதைத் தொடாமல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் இணையப் பாதுகாப்பு ஆய்வகமான சிட்டிசன் லேபுக்கு அனுப்பினார். இணைப்பின் பின்னால் இருந்தது பெகாசஸ் என்ற உளவு நிரல். ஐபோனில் அதுவரை யாரும் அறியாத 3 ஓட்டைகள் வெளிப்பட்டு, ஆப்பிள் அந்த மாதமே அவற்றை அடைத்தது. இந்தியாவில் 2019-இல் 9 மனித உரிமைக் காப்பாளர்களுக்கு, செய்தியாளர் போலவும் நீதிமன்ற அலுவலர் போலவும் மின்னஞ்சல்கள் வந்ததை, மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியும் சிட்டிசன் லேபும் 2020 ஜூனில் வெளியிட்டன. பி.டி.எஃப். போலத் தோன்றிய இணைப்பைத் திறந்தால் ‘நெட்வயர்’ என்ற உளவு நிரல் இறங்கும். நீதிமன்றச் சம்மனைத் திறக்காமல் எந்தச் செயற்பாட்டாளர் இருப்பார்?

ஆகவே ‘கண்டதைத் திறக்காதீர்கள்’ என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. முன்பின் தெரியாதவரின் கடிதத்தைத் திறப்பதே அவர்கள் வேலை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவது பற்றி யாரோ ஆவணம் அனுப்பினால் பார்க்கத்தான் வேண்டும். மடலோடு வந்த கோப்பைக் கணினியில் இறக்காமல் உலாவியின் முன்னோட்டத்திலேயே பார்ப்பது ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால், மடலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். இவற்றைவிட உறுதியானது பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறு கருவி. கணக்கில் நுழையும்போது குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போலித் தளத்தில் நாமே தட்டிவிட முடியும். அப்படிப் பறித்த தாக்குதல்களை ஆம்னஸ்டி 2018-இலேயே பதிவு செய்திருக்கிறது. சாவியோ, பதிவு செய்த உண்மையான தள முகவரிக்கு மட்டுமே பதில் தரும். மனிதக் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. கடவுச்சொல் மேலாண்மைச் செயலியும் ஓரளவு இப்படித்தான்: வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் அது நிரப்பாமல் நின்றால், முகவரியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எல்லாத் தாக்குதலையும் தூண்டில் என்று சொல்லிவிடவும் கூடாது. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியே சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். அழைப்பை எடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. இரையே இல்லாத இடத்தில் தூண்டில் என்ற சொல் பொருந்தாது; அதை ஊடுருவல் என்று சொல்லலாம்.

வாக்கியத்தில் பயன்படுத்தும்போது ஒரு வேண்டுகோள். ‘அவர் ஃபிஷிங்கில் ஏமாந்துவிட்டார்’ என்றே எழுதப்படுகிறது. அதில் செய்தவர் காணாமல் போய், பட்டவர் மட்டும் நிற்கிறார். ‘அவருக்குத் தூண்டில் போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். போட்டது யார் என்ற கேள்வி உடனே எழும். அமைப்புக்குள்ளும் அப்படிப் பேசினால், இணைப்பைத் தொட்டுவிட்டவர் வெட்கப்பட்டு அந்த மடலை அழித்துவிடாமல் அன்றே தோழர்களிடம் சொல்வார். மன்சூரின் குறுஞ்செய்தியைப் போல அதுவும் ஆய்வு செய்யக்கூடிய சான்று.