ஆர்-22 ஏசி வைத்திருக்கலாமா? மாண்ட்ரியல் ஒப்பந்தம் வீட்டுக்குள் வரும் விதம்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஸ்பிளிட் ஏசி உங்களிடம் இருந்தால், அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் ஆர்-22 என்று இருக்கலாம். ஏசிக்குள் சுற்றி அறையைக் குளிர வைக்கும் கேஸின் பெயர் அது. "இந்த கேஸை அரசாங்கமே தடை பண்ணிட்டாங்க, புது மெஷின் வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். ஆர்-22 ஏசியை வைத்திருப்பதோ ஓட்டுவதோ ரிப்பேர் செய்வதோ குற்றமில்லை. தடை, அந்த கேஸை வைத்துப் புது மெஷின் தயாரிப்பதற்கு. 2025 தொடக்கத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இந்த விதிக்கு வேர், 1987 செப்டம்பர் 16-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தம். ஓசோன் படலத்தை அரிக்கும் ரசாயனங்களை உலகமே சேர்ந்து நிறுத்துவதுதான் அதன் நோக்கம். இந்தியா 1992-இல் சேர்ந்தது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் 2000-ஆம் ஆண்டு வந்த விதிகள்தான் இதற்கு இங்கே சட்ட உருவம். பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 முதலில் போனது. ஆர்-22 படிப்படியாகக் குறைகிறது: 2009, 2010 ஆண்டுகளின் சராசரிப் பயன்பாட்டை அளவுகோலாக வைத்து 2015-இல் 10%, 2020-இல் 35%, 2025-இல் 67.5% குறைப்பு, 2030-இல் முழு நிறுத்தம். ஏற்கெனவே ஓடும் மெஷின்களின் சர்வீஸுக்காக மட்டும் 2040 வரை சராசரியாக 2.5% அளவு அனுமதி உண்டு.

எத்தனையோ ஒப்பந்தங்கள் காகிதத்தில் தூங்கும்போது இது மட்டும் நடந்ததற்குக் காரணம் பணமும் அவகாசமும். வளரும் நாடுகளுக்குத் தனிக் கால அட்டவணை கிடைத்தது. தொழிற்சாலைகளை மாற்றவும் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரவும் 1990-இல் முடிவான பலதரப்பு நிதியிலிருந்து உதவி வருகிறது. பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் இன்றும் இழுபறியாக இருப்பது இந்த இரண்டும்தான்.

புது ஏசியில் இருக்கும் ஆர்-32, ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஆர்-22 1,810 மடங்கு, ஆர்-410ஏ 2,088 மடங்கு, ஆர்-32 675 மடங்கு. ஆர்-32, ஆர்-410ஏ போன்றவற்றைக் குறைக்கத்தான் 2016-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் கிகாலி திருத்தம் வந்தது. 2021-இல் இந்தியா ஏற்றது. நமக்கு 2028-இல் உச்சவரம்பு, 2047-க்குள் 85% குறைப்பு. ஆகவே ஆர்-32 ஏசி வாங்க இன்று தயங்க வேண்டியதில்லை. (காசிமேட்டு ஐஸ் கம்பெனிகளில் ஓடும் அமோனியாவுக்கு ஓசோன், வெப்பம் இரண்டிலும் பழி இல்லை, அதன் ஆபத்து வேறு, விதிகளும் வேறு.)

கேஸ் வரத்து குறைவதால் விலை ஏறும், கலப்படமும் வரும். இங்கேதான் வடசென்னைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். உப்புக்காற்றில் காயிலும் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) ஃபின்னும் (அதன் மேல் இருக்கும் மெல்லிய தகடுகள்) சீக்கிரம் அரித்து, ஊசிமுனை ஓட்டை விழும். ஏசி பெட்ரோல் குடிக்கும் வண்டி இல்லை, கேஸ் தீராது. வருடா வருடம் 'டாப்-அப்' கேட்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது உங்கள் பணத்தைக் காற்றில் விடுவது.

சரியான வேலை இப்படி நடக்க வேண்டும். மிச்ச கேஸை மீட்பு சிலிண்டரில் எடுக்க வேண்டும். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீரில் ஓட்டையைத் தேட வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் ஏற்றினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இறக்க வேண்டும். இதை விட்டால் உள்ளே தங்கும் ஈரம் அமிலமாகி கம்ப்ரசரைத் தின்னும். கடைசியில், தகட்டில் போட்டிருக்கும் எடைக்குத் தராசில் எடை பார்த்து கேஸை ஏற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவதில் வெயில் நேரத்துக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒரு கணக்கு வரும்.

ஆர்-22 மெஷினில் ஆர்-32-ஐ ஏற்றச் சம்மதிக்காதீர்கள். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், ஆயில் வேறு, தீப்பற்றும் குணமும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று புரொப்பேன் வகை கேஸை ஏற்றுவது இன்னும் மோசம். பழைய மெஷினின் ரிலேயில் வரும் ஒரு பொறி போதும்.

மெஷினை மொத்தமாகக் கழிக்கும்போது காயலான் கடையில் முதலில் செம்புக் குழாயைத்தான் வெட்டுவார்கள். ஒரு கிலோ ஆர்-22 வெளியேறினால் 1.8 டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஏசியும் ஃபிரிட்ஜும் மின்கழிவு (மேலாண்மை) விதிகள் 2022-க்குள் வருபவை. அதனால் பழையதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, தயாரிப்பு நிறுவனத்தின் சேகரிப்பு ஏற்பாட்டிலோ கொடுங்கள்.

கழற்றுவதற்கு முன் மெக்கானிக்கிடம் 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லுங்கள். ஏசியை கூலிங்கில் ஓடவிட்டு, மெலிந்த குழாயின் வால்வை மூடி, கேஜ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மெஷினை நிறுத்தினால் கேஸ் அவுட்டோர் யூனிட்டிலேயே அடைபடும். கம்ப்ரசர் செத்த மெஷினுக்கு இது ஆகாது. மீட்பு இயந்திரம்தான் வேண்டும். குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டு லூஸாகவோ குழாயில் ஓட்டையோ இருந்தாலும் பம்ப் டவுன் கூடாது. காற்று உள்ளே இழுபட்டு கம்ப்ரசர் வெடிக்கலாம்.