மலையில் மட்டும் காணாமல் போகும் பிரேக்

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய மாருதி 800 ஒருமுறை பாதி வழியில் காலை வாரியது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மூன்று தடவை பம்ப் செய்த பிறகுதான் வண்டி நின்றது. ஓரங்கட்டி, ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் கல் மாதிரி! மறுநாள் மெக்கானிக்கும் மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். திரவம் அமுங்காது, அதனால் காலின் அழுத்தம் குழாய் வழியே சக்கரத்துக்குப் போய் முன்னால் டிஸ்க்கையும் பின்னால் டிரம்மையும் பிடிக்கிறது. உராய்வில் வேகமெல்லாம் சூடாகிறது. இறக்கம் முழுக்க மிதித்தபடியே வந்தால் அது ஆற நேரமேது? டிஸ்க்கைக் கவ்வும் பேட் வழியாக அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறிவிடும்.

புது ஆயில் இதைத் தாங்கும். டாட் 3 ரகம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் பேர்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம், மழைக்கால உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட இழுக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி வரை தாங்கினாலே தேறியதாகக் கணக்கு. கொதித்தால், பேட்டை அழுத்தும் காலிப்பருக்குள் ஆவிக் குமிழி. ஆவி அமுங்கும் அல்லவா, மிதித்த மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகிவிடுவதால் ஷெட்டில் தடயமே இருக்காது.

வீட்டு வாசலிலும் பெடல் பஞ்சாகவே இருந்தால் அது வேறு கதை: பெரும்பாலும் லைனில் ஏர். மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெல்ல இறங்கி, வெளியே ஒழுகலும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கும்.

என் வண்டியில் டப்பா மூடியைத் திறந்தால் ஆயில் கடுங்காப்பி நிறம். சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தோம். நான் மிதித்துப் பிடிக்க, மெக்கானிக் சக்கரத்தில் பழைய ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட, அப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். நடுவில் ஆயில் போதாமல் அலமாரியிலிருந்து ஒரு பாதி பாட்டிலை எடுத்தார். மூடி சரியாக மூடாமலே எத்தனை மாதம் கிடந்ததோ! சீல் உடைக்காத பாட்டில் வாங்கிவரக் கடைக்கு நடந்தேன்.