முதல் 48 மணி நேரமும் ஒரு டார்ச்சும்

வாய்ப் புற்றுக்கட்டியை அகற்றிய இடத்தில், முன்கையின் தோலையோ காலின் சிற்றெலும்பையோ அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்துப் பொருத்துகிறார்கள். சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள அக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியின் உதவியால் தைத்து இணைக்கிறார்கள். 'ஃப்ளாப்' என்று நாங்கள் சொல்லும் அந்தத் திசுவின் உயிர், அந்தத் தையலில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு இரவுகளில் மணிக்கொரு முறை டார்ச்சோடு வந்து நிற்கும் எங்களிடம், "இப்பதானே கண் அசந்தார், கொஞ்சம் விடக் கூடாதா சிஸ்டர்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. விட முடியாது. இரத்த ஓட்டம் தடைபடுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிடலாம். ஃப்ளாப் வெளுத்துக் குளிர்ந்தால் தமனியில் அடைப்பு என்று எவரும் ஐயுறுவர். ஏமாற்றுவது சிரை அடைப்புதான்: விரலால் அழுத்திவிட்டு எடுத்ததும் நிறம் இரண்டு நொடிகூட ஆகாமல் சட்டெனத் திரும்புவதை, அனுபவமில்லாதவர் நல்ல இரத்த ஓட்டம் என்று நினைத்துவிடுவார், பிறகுதான் அது நீலம்பாரித்து வீங்கத் தொடங்கும். மாநிறத் தோலில் இந்த மாற்றம் இன்னும் மங்கலாகத் தெரிவதால், தோல் எடுத்த கையின் மீதித் தோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். டியூட்டி மாறும்போதும் குறிப்பேட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் பொருத்தும் டிரக்கியாஸ்டமி குழாயின் நாடாவே சிரையை அழுத்திவிடலாம் என்பதால், பல இடங்களில் குழாயைத் தோலோடு தைத்துவிடுகிறார்கள். தலைமாட்டைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி, கழுத்து ஒருபுறம் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறோம்.

வார்டுக்கு வந்தபின் எங்கள் பெரிய கவலை, அன்பு மிகுதியால் ஊட்டப்படும் கஞ்சி. உள்தையல் ஆறுவதற்குள் வாய்வழி கொடுத்தால் அது புரையேறலாம், தையல் பிரிந்து கழுத்து வழியாக எச்சில் கசியவும் செய்யலாம். கதிர்வீச்சு தேவைப்படுவோருக்கு அதை அறுவைக்குப் பின் 6 வாரங்களுக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். ஆறாத புண் அதைத் தள்ளிப்போட்டுவிடும். மருத்துவர் சொல்லும்வரை மூக்குக் குழாய் வழியாக மட்டுமே உணவு.

இன்னொன்று: முன்கைத் தோல் வாய்க்குள் போனாலும் அதில் முடி வளரும். வீடு திரும்பிய சிலர் இதைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டதோ என்று பதறி வருகிறார்கள். முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பயணம் மிச்சமாகியிருக்கும். இப்போது டிஸ்சார்ஜ் அன்றே சொல்லிவிடுகிறேன்.