அரித்த மணலிலும் வண்டல் இருக்கும்

கடந்த வாரம் யாழ்ப்பாணக் குடாநாட்டில், கொடிகாமத்துக்கு அருகே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குடிபுகுந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. விறாந்தைச் சுவரை உள்ளங்கையால் தடவினேன். கை முழுவதும் சாம்பல் நிறத் தூள். திறப்பின் முனையால் மெல்லக் கீறினேன். பூச்சு ஒடியல் மாவைப் போல உதிர்ந்தது. யன்னலுக்குக் கீழே தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கும் சத்தம். வீட்டுக்கார அம்மா கலங்கிய குரலில் சொன்னார்: "சீமெந்தில் குறை வைக்கவில்லை தம்பி. மணலையும் நான் பக்கத்தில் நின்று இரண்டு தரம் அரிப்பித்தேன்."

இரண்டு தரம் அரித்தோம். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசு சுவரிலிருந்து தூளாகக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை வீட்டு முற்றங்களில் நின்றுவிட்டேன்! அதனால்தான் இதை எழுதுகிறேன். அரித்தாலும் போகாமல் மணலுக்குள் நிற்கும் வண்டல்தான் இந்தப் பூச்சுகளைக் கெடுக்கிறது.

வண்டல் என்றதும் பலருக்குக் களிதான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு. மண்ணைப் பருமனால் பிரிக்கிறோம். 2 மில்லிமீற்றரிலிருந்து 0.063 மில்லிமீற்றர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 மில்லிமீற்றர் வரை வண்டல். அதற்கும் கீழே களி. ஆனால் பருமன் மட்டுமே கதையல்ல. வண்டலைப் பெரும்பாலும் மணலின் குழந்தை என்றே சொல்லலாம். அதே படிகக்கல் உடைந்து உடைந்து பொடியானது. களியோ பாறையின் கனியங்கள் இரசாயன மாற்றம் அடைந்து உருவான வேறு பொருள். அதன் துணிக்கைகள் தகடு தகடாக இருக்கும், நீரைப் பிடித்து வைக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். களியில் பானை வனையலாம். வண்டலில் வனைய முடியாது.

மணலை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, "கையில் ஒட்டவில்லை, நல்ல மணல்" என்று சொல்லும் மேசன்மார் இங்கேதான் தவறுகிறார்கள். அந்தச் சோதனையில் களி அகப்படும். ஒட்டாத வண்டல் அகப்படாது. கொஞ்சத்தை நனைத்து இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மணல் உரசும், களி ஒட்டும், வண்டல் மாவைப் போல வழுக்கும். குழைத்த வண்டலை உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைப் பக்கவாட்டில் தட்டினால் மேலே நீர் வந்து பளபளக்கும். விரலால் அழுத்தினால் அந்தப் பளபளப்பு மறைந்துவிடும். களி இப்படி நடந்துகொள்ளாது. மண் பொறியியல் படித்தவர்கள் ஆரம்பத்திலேயே பழகும் சோதனை இது. எந்தக் கருவியும் தேவையில்லை.

இனி அரிப்பதற்கு வருவோம். மேசன்மார் பாவிக்கும் வலையின் கண் ஒரு மில்லிமீற்றருக்கும் மேலே. வண்டலின் மிகப் பெரிய மணிகூட அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். அது எப்படி வலையில் நிற்கும்? மா அரிக்கும்போது கப்பி மேலே நிற்கிறது, மா கீழே விழுகிறது அல்லவா? மணலில் வண்டல்தான் அந்த மா. நீங்கள் வெளியே எடுத்தது கல், சிப்பி, வேர். வண்டல் முழுவதும் அரித்த குவியலுக்குள்ளேயே இருக்கிறது. பெரியவை போய்விட்டதால் அதன் விகிதம் சற்றுக் கூடியும் இருக்கும். பத்துத் தரம் அரித்தாலும் இதுதான் நடக்கும். ஆய்வுகூடத்தில் 75 மைக்ரோன் (0.075 மில்லிமீற்றர்) கண்ணுள்ள அரிதட்டை வைத்திருக்கும் நாங்களே மணலை உலர அரிப்பதோடு விடுவதில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவித்தான் வண்டலைப் பிரிக்கிறோம். உலர்ந்த வண்டல் மணல்மணிமேல் பூசிக்கொண்டு நிற்கும். அரிசி களையும்போது கழுநீரோடு போகிறதே வெண்மை, அதைச் சுளகில் புடைத்து எடுக்க முடியுமா?

அந்தப் பூச்சுதான் கேடு. சீமெந்து மணலைப் பிடிப்பதற்குப் பதிலாக வண்டலைப் பிடிக்கிறது. ஒரு மணியைப் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மணிகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். அத்தனையையும் நனைக்கத் தண்ணீர் கூட வேண்டும். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள். பிறகு வெடிப்பு, பிறகு தூள். பூசும்போது மட்டும் பட்டுப்போல இழுபடும். தயவுசெய்து அந்த வழவழப்பைக் கண்டு மயங்காதீர்கள்.

நம் குடாநாட்டில் ஆற்றுமணல் தரும் ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுகிறது. ஆற்றுமணல் வன்னியிலிருந்துதான் வரவேண்டும். ஆறு வேகமாக ஓடும் இடத்தில் மணலைப் போட்டுவிட்டு வண்டலைக் கொண்டுபோகும். ஓட்டம் தளர்ந்த இடத்தில் அதையும் போடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் அள்ளினார்கள் என்பது டிப்பர் படலைக்கு வரும்போது உங்களுக்குத் தெரியாது. போத்தல் சொல்லும்.

பக்கம் நேரான கண்ணாடிப் போத்தல் ஒன்று எடுங்கள். அரைவாசிக்கு மணல். குவியலின் மேற்பரப்பில் அள்ளாதீர்கள். கையை உள்ளே விட்டு மூன்று நான்கு இடங்களில் எடுங்கள். ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரை முக்கால்வாசிக்கு விட்டு, நன்றாகக் குலுக்கி, மட்டமான இடத்தில் வையுங்கள். 0.2 மில்லிமீற்றர் மணல் சில வினாடிகளில் அடியில் இருக்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும். அதனால் வண்டல் ஆறுதலாகத்தான் வந்து படியும். களி தனித்தனியாக நின்றால் பல மணித்தியாலம் கலங்கியே கிடக்கும். உப்பு அதைத் திரட்டி இறக்குகிறது. (உப்பு போத்தலுக்கு மட்டும். கலவைத் தண்ணீரில் உப்பு இருக்கவே கூடாது.) மூன்று மணித்தியாலம் கழித்து அடிமட்டத்தை வைத்து அளவிடுங்கள். மணல் 50 மில்லிமீற்றர் உயரம் என்றால், மேலே படிந்த மென்படை 4 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. அதாவது 8 சதவீதம். தாண்டினால் அந்த மணல் வேண்டாம்.

"சேர், மூன்று மணித்தியாலம் டிப்பர் நிற்குமா?" என்று கேட்கிறார்கள். நிற்காது. முதல்நாளே ஒரு பை மணல் வாங்கிச் சோதியுங்கள். சுமை வரும்போது அதிலும் ஒரு போத்தல் குலுக்கி, முதல் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மோசமான மணல் அரை மணித்தியாலத்திலேயே தன்னைக் காட்டிவிடும். அதுவரை காசு கொடுக்காதீர்கள். இரவில் இறக்க விடாதீர்கள். கழுவிச் சமாளிக்கலாம் என்று குவியலின்மேல் குழாயைப் பிடிக்கவும் வேண்டாம். வண்டல் குவியலின் அடிக்கு இறங்கி அங்கேயே தங்கும். பரப்பி, கிளறி, கலங்கல் தண்ணீர் வெளியே ஓடும்படி கழுவ வேண்டும். கிணறு வற்றும் கோடையில் அதற்கு எங்கே போவது?

கொடிகாமத்து அம்மா வீட்டின் பின்பக்கத்தில் அதே மணல் அரைக் கியூப் மிச்சம் கிடந்தது. பழைய ஜாம் போத்தலில் போட்டுக் குலுக்கி விறாந்தைக் கட்டின்மேல் வைத்துவிட்டு, தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று மணித்தியாலம் கழித்து அடிமட்டத்தை அவரிடமே கொடுத்தேன். மணல் 48 மில்லிமீற்றர். மேலே மண்ணிறத்தில் 9 மில்லிமீற்றர் படை. அவர் போத்தலை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, பருத்தித்துறையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, "இன்றைக்கு மணல் இறக்குகிறார்களா?" என்று கேட்டார்.